அந்தரங்கத்தின் பசி

வருமான வரித்துறையைத் தவிர, தன் வரிக் கணக்கைப் பார்க்கும் தகுதி இந்தப் பூமியில் எவருக்கும் இல்லை என்று இளம்பரிதி அறிவித்திருந்தான். கிரெடிட் கார்டுக்காக மூன்று வருடக் கணக்கைக் கொடுத்த மனைவி பொற்கொடியை, “ஓசி வடைக்கு அந்தரங்கத்தையே வித்துட்டியேடி!” என்று விமான நிலையம் வரைக்கும் கிண்டலடித்துக்கொண்டே வந்தான். அங்கே, கார்டைக் காட்டிய அவளை மட்டும், கார்டுக்காரர்களுக்கு இலவசமாகச் சாப்பாடு போடும் லவுஞ்சுக்குள் விட்டார்கள். ‘விண்ணப்பித்த உடனே போனில் கார்டு’ என்று கதவில் எழுதியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நெய்ப்பொங்கலில் ஆவி பறந்தது. பொற்கொடி போனில் அழைத்தாள். “என்னங்க, ரெண்டாவது தட்டு வாங்கப்போறேன். உங்க அந்தரங்கத்துக்குப் பசிக்கலையா?”

“அதுக்கு மானம் இருக்கு. பட்டினி கிடக்கும்” என்று போனை வைத்தான். பிறகு, பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்துவிடாதபடி திரையைக் கையால் பொத்திக்கொண்டு, மூன்று வருடக் கணக்கையும் கார்டு நிறுவனத்துக்கு அனுப்பினான்.