செத்தவங்கள யாரு தேடப்போறாங்க

தேயிலைத் தோட்ட ஆபீசின் ஜன்னலில் மூடுபனி அப்பிக்கிடக்கிறது. கணக்கெழுதும் கிராணி கேத்லீன் உட்காராமல், தானா ராத்தா டவுனிலிருந்து வந்த டெஸ்மண்டின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள். தொழிலாளர் பெயர்களைத் தேடித்தரும் கணினி அட்டவணையைச் சுருக்க அவன் ஜாவாவில் நிரல் எழுதியிருக்கிறான். ஐந்து துண்டாகக் கிடப்பது ஒன்றாகும், ஒரு பெயரும் விழாது என்று காலையில்தான் சொன்னான். இப்போது திரையில் முதல் வரியே, இறந்தவர்களை நீக்கு என்கிறது.

"சுருக்குனா பேரு போகாதுன்னியே, இது என்னா?"

"தோட்டத் தொரைதான் சேக்கச் சொன்னாரு அக்கா. செத்தவங்கள யாரு தேடப்போறாங்கன்னாரு. இடம் மிச்சம்லா."

அவள் காதோரம் சுடுகிறது. அவள் கணவன் ஹரோல்ட் முப்பத்தோரு வருஷம் இந்த மலையில் பூச்சிமருந்து டாங்கியை முதுகில் சுமந்தவன். ஈஸ்டருக்கு முந்தின வாரம்தான் அவனைப் புதைத்தார்கள்.

"யார யாரு தேடுறாங்கன்னும் பதிவு இருக்குமில்ல. அதத் தொற."

டெஸ்மண்ட் திறக்கிறான். காலை ஏழு பத்து, தேடிய பெயர் ஹரோல்ட். மறுநாளும் ஏழு பத்து, ஹரோல்ட். உருட்ட உருட்ட அதே நேரம், அதே பெயர். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"எடம் பத்தலன்னா தொரையோட கோல்ஃப் படத்தையெல்லாம் அழிக்கச் சொல்லு."

அவன் விரல் அந்த வரியை எழுத்தெழுத்தாகத் தின்கிறது. நிரல் ஓடுகிறது. முன்பு 2,416 பெயர்கள். சுருக்கிய பின்பும் 2,416.

"நாளைக்கும் ஏழு பத்துக்குப் பாப்பேன்" என்கிறாள் கேத்லீன்.