நாத்தனாருக்கு ஒரு சந்தேகம்

“எனக்கில்லீங்க, என் நாத்தனாருக்கு ஒரு சந்தேகம்” என்று எழுந்தாள் தையல்காரி.

இந்த நாட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண்களுக்கான உடல்நல வகுப்பு அது. நர்ஸ் பேசுவதைத் தமிழில் சொல்ல ஒரு பெண் இருந்தாள். போன வாரம் கேள்வி கேட்ட ஐந்து பேரும் பக்கத்து வீட்டுக்காரிக்காகக் கேட்டவர்கள்தான்.

“புருஷன்கூட இருந்தா மறுநாள் அவளுக்கு ரத்தம் படுதாம். ஏதாச்சும் ஆபத்தா?”

நர்ஸின் பதில் தமிழில் வந்தது. “இப்பவே பயப்பட வேணாம். ஆனா தள்ளிப் போடக் கூடாது. கர்ப்பப்பை வாயில சின்ன டெஸ்ட், அஞ்சு நிமிஷம்தான். நேர்ல பார்த்தாத்தான் சொல்ல முடியும். நாத்தனாரைக் கூட்டிட்டு வாங்க.”

தையல்காரி சட்டென்று உட்கார்ந்துவிட்டாள்.

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

“நான்தாங்க அந்த நாத்தனார். நாளைக்கே வர்றேன், சீட்டு எழுதுங்க. அண்ணிக்கும் ஒண்ணு எழுதிடுங்க. துணைக்கு வர்றவங்க சும்மா எதுக்கு உட்காரணும்?”

வகுப்பே சிரித்தது. நர்ஸ் இரண்டு சீட்டு எழுதினாள்.

வெளியே வந்ததும் தையல்காரி அந்தக் கடைசி வரிசைப் பெண்ணின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“என் புருஷன் வீட்டுக்கு ஒரே பிள்ளை. எனக்கு நாத்தனாரே கிடையாது. நீங்க யாரு?”

“மூணு வாரமா இதே கேள்வியை வாய்க்குள்ளயே வச்சிட்டு உட்கார்ந்திருந்தவ” என்றாள் அவள். “நாளைக்குப் பத்து மணி. மறந்துடாதீங்க, அண்ணி!”