ரொட்டியின் மரியாதை

உஸ்பெகிஸ்தானின் மர்கிலான் ஊரில் எங்கள் தெருப் பெண்கள் முஹய்யோ அம்மாவின் முற்றத்தில் துஆ ஓதி வேண்டிக்கொண்டிருந்தார்கள். கட்டட வேலைக்கு ரஷ்யா போன அவர் மகன் சர்வாரிடமிருந்து வெகுநாளாகத் தகவலில்லை.

துணியில் சுற்றிய ரொட்டியோடு நான் வாசலில் நின்றேன்.

"பொணம் குளிப்பாட்டுறவ மக வந்திருக்கா," என்று ஒருத்தி சிரித்தாள். "இங்க யாரும் சாகலடீ!"

முஹய்யோ அம்மா எழுந்து வந்தார். கீழே கிடக்கும் ரொட்டித் துணுக்கைக்கூட எடுத்து முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்பவர் அவர்.

"என்னடி அது?"

"ரொட்டிம்மா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"உங்க வீட்டு ரொட்டியா? உன்னைத்தான் கட்டுவேன்னு நின்னான்னு, பெத்த புள்ளையை நான் வழியனுப்பக்கூட இல்ல. இப்ப எனக்கே ஊட்ட வந்தியா?"

பிடுங்கி வாசல் வாய்க்காலில் எறிந்தார். "ரொட்டியே ஆனாலும் உங்க கை பட்டா தீட்டுதான்."

அழுகையோடு எனக்குப் பேச்சு வந்தது.

"அது அவர் கடிச்ச ரொட்டிம்மா. பயணம் போறப்ப வழக்கமா கடிச்சுட்டுப் போற ரொட்டியை நீங்க குடுக்கலன்னு எங்க வீட்டுல கடிச்சு வச்சுட்டுப் போனார். திரும்பி வந்து மிச்சத்தைத் திங்கறேன்னார். வரலன்னா அம்மாகிட்ட குடுன்னார்."

ஓதல் நின்றது.

"வரலன்னா?" என்றார் முஹய்யோ அம்மா.

"கூட வேலை பாத்தவர் போன் பண்ணார்மா. சாரம் சரிஞ்சிடுச்சாம். அங்கேயே அடக்கம் பண்ணிட்டாங்களாம். குளிப்பாட்டக்கூட ஆள் கிடைக்கலயாம்மா."

முஹய்யோ அம்மா செருப்பில்லாமல் வாய்க்கால் ஓரமாக ஓடினார்.

மதகில் துணி மட்டும் சிக்கியிருந்தது.