நரிக்கு நாலு பக்கமும் படம்

எங்கள் மீட்பு மையத்தில் குணமான விலங்கைக் காட்டில் விடலாமா என்பதைத் தலைமை அலுவலகம்தான் முடிவு செய்யும். அவர்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. நான் நாலு பக்கமும் எடுத்து அனுப்பும் படங்களை வைத்தே தீர்ப்பு. மூன்று கால் என்றால் ஆயுள் முழுக்கக் கூண்டுதான்.

கண்ணியில் சிக்கிப் பின்னங்கால் ஒன்று போன நரியைப் படமெடுத்தேன். கூண்டில் அது ஐந்து நாளாக இரையைத் தொடவில்லை. கணக்கில் நான் மக்குதான், ஆனாலும் நாலு வரை தப்பாது. படத்தில் நாலு கால் இருந்தது.

"ஏம்ப்பா, வேற நரியை எடுத்துட்டியா?" என்றார் படத்தைப் பார்த்த எங்கள் மையத்து டாக்டரம்மா.

"நம்மகிட்ட இருக்கறதே ஒரு நரிதான் மேடம்."

அவரே தன் போனில் எடுத்தார். நாலு. கூண்டுக்குள் எண்ணினார். மூன்று. அந்தக் காலை வெட்டியெடுத்தவரே அவர் என்பதால் மறுபடியும் விரல் விட்டு எண்ணினார்.

"படத்துல கை வைக்கக் கூடாதுன்னு விதி இருக்குல்ல? அப்படியே அனுப்பு."

மறுநாளே அனுமதி வந்தது. காட்டோரம் கூண்டைத் திறந்தோம். நரி நொண்டிக்கொண்டே இறங்கி, நாலடி போவதற்குள் விழுந்தது. வழக்கம்போல் படமெடுக்கக் கேமராவைத் தூக்கினேன். அது எழுந்து, நாலு காலில் ஓடத் தொடங்கியது.

"கேமராவை இறக்கிடாதப்பா" என்றார் டாக்டரம்மா மெல்ல.

நரி புதருக்குள் மறைந்து அரைமணி நேரமாகிறது. என் கை மரத்துவிட்டது. டாக்டரம்மா என் முழங்கையைக் கீழிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.