பகுதி நேரப் படிவம்

"முடியாது. இவங்களைப் பகுதி நேரத்துக்கு மாத்தறதா இல்லை. நீங்க போகலாம்."

சட்டத்துறைத் தலைவி பேனாவை மூடி வைத்தார். எதிரே நின்ற கணவனுக்கு முகம் சுண்டிப்போனது. பக்கத்தில் மனைவி, முனைவர் பட்டத்துக்கு முதல் வருடம் படிப்பவள், தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், கல்யாணமாகி ரெண்டு வருஷம்கூட ஆகலை. இவ ஹாஸ்டல்ல, நான் வீட்டுல. பகுதி நேரம்னா வீட்டுல இருந்தே படிப்பா. நீயும் சொல்லேம்மா."

"ஆமா மேடம்," என்றாள் மனைவி.

"நீ கேட்டாலும் அதே பதில்தான்."

கோப்போடு ஓரமாக நின்ற தலைமை எழுத்தருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துறையின் கையேட்டைத் தயார் பண்ணியதே அவர்தான். 'யாரும் படிக்கலாம், எப்படியும் படிக்கலாம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். சும்மா போடவில்லை. ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் பகுதி நேரம் படிக்கிறார். ஒரு நர்ஸ் படிக்கிறாள். பார்வையில்லாத வக்கீல் வீட்டிலிருந்தே ஆய்வேடு எழுதுகிறார். மூன்று பேருக்கும் இதே மேடம்தான் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

இந்தப் பெண்ணுக்கு மட்டும் என்ன வந்தது? தனிக்கட்டைக்குக் குடும்பக் கஷ்டம் எங்கே தெரியப்போகிறது என்று மனசுக்குள் கருவினார்.

வராந்தாவில் கணவன் மனைவியின் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான்.

"பரவாயில்லண்ணே. எங்க நேரம், வேறென்ன சொல்ல," என்றான்.

அந்தப் பணிவில் எழுத்தர் உருகிவிட்டார்.

"தம்பி, நீங்க எதுக்கு அவங்ககிட்ட கெஞ்சணும்? முதல் வருஷம் முடியறதுக்குள்ள கேட்டா மேடம் கையெழுத்தே தேவையில்லை. மாணவி கையெழுத்து, ஆபீஸ் முத்திரை, அவ்வளவுதான்."

"வேண்டாம் சார், விடுங்க," என்றாள் அவள். அன்று அவள் வாயிலிருந்து தானாக வந்த பேச்சு அது ஒன்றுதான்.

"பயப்படாதேம்மா. மேடம் திட்டினா என்னைத்தானே திட்டுவாங்க? நான் பாத்துக்கறேன்."

படிவத்தை அவரே நிரப்பினார். காரணம்: குடும்பச் சூழ்நிலை. கணவன் பேனாவை நீட்டினான். கையெழுத்துப் போட அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. பாவம், மேடத்தை நினைத்து நடுங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டார் எழுத்தர்.

மத்தியானமே முத்திரை விழுந்தது. பகுதி நேரத்துக்கு ஹாஸ்டல் கிடையாது. சாயங்காலத்துக்குள் அறையும் காலியானது.

"இன்னிக்கு ஒரு குடும்பத்தைச் சேத்து வச்சேன்," என்று வீட்டில் பெருமை அடித்துக்கொண்டார்.

பத்தாம் நாள் காலையில் துறைத் தலைவி அவர் மேஜைக்கே வந்தார். எழுத்தர் சண்டைக்குத் தயாராகத்தான் எழுந்தார்.

"விதிப்படிதான் மேடம் செஞ்சேன். ஒரு பொண்ணோட வாழ்க்கையில நாம..."

"அவ ஆஸ்பத்திரியில இருக்கா. தாடை உடைஞ்சிருக்கு. இப்பத்தான் பாத்துட்டு வரேன்."

எழுத்தர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

துறைத் தலைவி கத்தவில்லை. கைப்பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"சேர்ந்த அன்னிக்கே எழுதிக் கொடுத்தா. யாருக்கும் காட்டக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா. உங்களுக்காவது காட்டித் தொலைச்சிருக்கணும், என் தப்பும்தான்."

எழுத்தர் பிரித்தார்.

'மேடம், என்னைப் பகுதி நேரத்துக்கு மாற்றச் சொல்லி என் கணவர் வருவார். மாற்றிவிடாதீர்கள். அவர் பக்கத்தில் நின்று நானே ஆமாம் என்று சொன்னாலும், மாற்றிவிடாதீர்கள்.'