சாவி வேண்டாம்

ஹாம்பர்க் நகரில், சாவியில்லாமல் பூட்டுத் திறப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களின் கூட்டம் நடக்கிறது. ஜன்னல் வெயிலில், விற்பனை மேசைமேல் பூட்டுத் திறக்கும் எஃகுக் கம்பிகள் மின்னுகின்றன. வீப்கே ஒவ்வொன்றாக எடுத்து வளைத்துப் பார்க்கிறாள். அவளுடைய பழைய கம்பிகளைக் குப்பையில் போட்ட கணவன் டெட்லெஃப் பின்னாலேயே நின்று, "திருடங்க வச்சிருக்கிற மாதிரிச் சாமானை வீட்டுல வச்சிருந்தா அக்கம்பக்கத்துல என்ன நினைப்பாங்க?" என்கிறான். சுற்றிலும் பூட்டுகளைச் சுரண்டும் ஓசை நின்றுபோகிறது. அவளுக்குக் காது மடல்வரை சிவக்கிறது. "இத்தனை வருஷமா உன் தூண்டில் கம்புகளைத் தாண்டித்தான் குளிக்கப் போறேன். ஒண்ணையாவது தூக்கி எறிஞ்சேனா?" அவள் விற்பவரிடம் திரும்புகிறாள். "இந்தக் கம்பிக் கட்டைக் கொடுங்க. இதைப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்ட, உங்ககிட்ட இருக்கிறதுலயே முரட்டுப் பூட்டு ஒண்ணும் வேணும்." அவர் பூட்டைச் சாவியோடு நீட்டுகிறார். அவள் பூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, சாவியை மேசைமேல் ஓங்கி வைக்கிறாள். "இதை நீங்களே வச்சுக்கங்க. ஒரு கம்பி என் கைப்பையில இருந்தாப் போதும், எனக்குச் சாவி தேவைப்படாது. இவன் கைக்குப் போகவும் கூடாது."