இன்னும் ஒரு வாரம்

"அங்கேயே நில்லுங்க! தட்டை வச்சுட்டுத் தள்ளிப் போங்க," அறைக்குள்ளிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

லிப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் தட்டை முக்காலியில் வைத்துவிட்டுக் கூடத்தின் மறுகோடிக்கு நகர்ந்தார். கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு கை நீண்டு தட்டை எடுத்துக்கொண்டது. கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

தைராய்டுக்காக ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கதிரியக்க அயோடின் மாத்திரை கொடுத்திருந்தார்கள். உடம்பில் கதிர்வீச்சு அடங்கும்வரை தனி அறை, தனித் தட்டு, தனிப் படுக்கை.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"என்ன, இருட்டுல மின்னுறியா?"

"மின்னினா நல்லதுதான். கண்ணாடியத் தேடி நீங்க வீட்டையே புரட்டிப் போட வேண்டாம்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் 'சாவி எங்கே', 'சாப்பாடு ஆச்சா' என்பதைத் தாண்டி இருவரும் பேசிக்கொண்டதாக அவருக்கு நினைவில்லை. வேலை முடிந்து வந்தால் அவருக்கு டிவி, அவளுக்கு அடுப்படி. இரண்டு பேர் இருந்தும் ஆளில்லாத வீடு. நடுவில் இந்தக் கதவு வந்த பிறகுதான் வாயில் வார்த்தை வந்தது. அது திறந்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடுமோ என்று அவருக்கு உள்ளூர உதறல்.

"இன்னிக்கு எங்க வேலை?" என்றாள்.

"ஒரு அபார்ட்மென்ட்ல. எதிரெதிர் வீட்டுக்காரங்க, ஜென்மப் பகை. ரெண்டு பேரும் லிப்ட்ல மாட்டிக்கிட்டாங்க. நான் போய்க் காதை வச்சுக் கேட்டா, உள்ளே ஒரே சிரிப்பு!"

"அப்புறம்?"

"கதவைத் திறந்தேன். ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாங்க."

"அதுக்குள்ள ஏங்க திறந்தீங்க?"

அவர் செருமிக்கொண்டார்.

"ஆமா, நீ எப்போ வெளிய வரலாமாம்?"

"அது வந்து... காலையில ஆஸ்பத்திரில பேசினேன். இன்னும் ஒரு வாரம் ஆகுமாம். உங்களுக்குத்தான் கஷ்டம்."

"எனக்கென்ன கஷ்டம்? உடம்புதான் முக்கியம். அவசரப்படாதே," என்றார் அவர்.

போன வெள்ளிக்கிழமையே நர்ஸ் அவருக்குப் போன் செய்து, "உங்க மனைவி இனிமே தாராளமா வெளிய வரலாம் சார், அவங்ககிட்டயும் சொல்லிட்டோம்" என்று சொன்னதைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை.